பன்னிரண்டு மீட்டர் பேரம்

பித்தளை அண்டாவின் விலை இதோ படிகிறேன், அதோ படிகிறேன் என்று இருந்த நேரம் பார்த்து, பக்தவத்சலத்தின் மணிக்கட்டில் வாட்ச் துடித்தது. பின்னாலேயே செல்போன் அலறியது.

“அப்பா, இன்னா பண்ணிக்கினு கீற? ஹார்ட் பீட் நூத்தி இருவதைத் தாண்டிடுச்சுன்னு எனக்கு இங்க அலாரம் அடிக்குது!”

படூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஏசியில் உட்கார்ந்திருந்த மகன் பரணிதரன்தான். பிறந்த நாள் பரிசு என்று சொல்லி அவன்தான் இந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிவிட்டான். பரிசென்று நம்பிக் கையை நீட்டியது பக்தவத்சலத்தின் தப்பு. அது அவருக்கு நேரத்தைக் காட்டியது. மகனுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது.

“அண்டா வித்துக்கினு கீறேன்டா.”

“அண்டா விக்கறதுக்கா இப்படித் துடிக்குது?”

“துடிக்கலைன்னா அண்டாவை சும்மா தூக்கிக் குடுத்துட்டேன்னு அர்த்தம். வை போனை.”

அண்டா வாங்க வந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “சொல்ற உங்களுக்கே படபடன்னு வருதுன்னா, அந்த வெலைல ஏதோ கோளாறு கீது” என்று சொல்லி, இன்னும் ஒரு பிடி கீழே இறங்கிக் கேட்டாள்.

கடை ஆள் பூபாலன் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தான். இருபது வருடமாக இந்தக் கடையில் இருப்பவன். எங்கே சிரித்தால் வெளியே கேட்காது என்று தெரிந்தவன்.

அன்று மாலை வீட்டில் விசாரணை நடந்தது.

“போதும்பா. செங்கல்பட்டுல எல்லாக் கடையும் மாறிடுச்சு. நீ இன்னும் ஒரு இட்லிக் குண்டானுக்கு ஒரு மணி நேரம் கத்திக்கினு கீற. கடைச் சாவியை எங்கிட்ட குடுத்துட்டு வூட்ல உக்காரு.”

“உக்காந்து?”

“ரெஸ்ட் எடு.”

“பித்தளையை சும்மா வச்சா கறுத்துப் பூடும்டா. நானும் அந்த ஜாதிதான்.”

பரணிதரன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். “இந்த வாட்ச் கடலுக்கு அடியில நாப்பது மீட்டர் போவும். ஸ்கூபா டைவிங் போறவங்க இதைக் கட்டிக்கினு, எவ்ளோ ஆழத்துல கீறோம், எவ்ளோ நேரமாச்சுன்னு பாத்துப்பாங்க. இது தாங்கும். நீ தாங்க மாட்ட.”

“இது போற எடத்துக்கு நான் போவ மாட்டேனா?”

“போவ மாட்ட.”

“போனா?”

“சாவி உன்னுது. ஆயுசுக்கும் வாயே தொறக்க மாட்டேன். போவலைன்னா என்னுது. ஆனா வாட்ச்சுல ஆழம் காட்டணும். வாய்ச்சொல்லு செல்லாது.”

“எவ்ளோ ஆழம்?”

“இருவது மீட்டர்.”

“அஞ்சு.”

“அஞ்சு மீட்டர் நம்ம வூட்டுக் கெணத்துலயே கீது!”

“அப்ப ஏழு வச்சிக்கோ. போணி நேரத்துல மொகத்தை சுளிக்காத.”

அதுவரை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கல்யாணி கத்தியைக் கீழே வைத்தாள். “ரெண்டு பேரும் கத்தாதீங்க. பன்னெண்டு. முடிஞ்சிது.”

கல்யாணி சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் விலை கிடையாது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “யாரு ஜெயிச்சாலும் என்கிட்ட வந்து வாங்கிக்கோங்க. அது வரைக்கும் கடை பூட்டியே கெடக்கட்டும்.” பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்து, “ஆனா வேணாங்க. உங்களால முடியாது” என்றாள்.

அதுவரை கூட பக்தவத்சலத்துக்கு ஓரத்தில் ஒரு சின்ன யோசனை இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அது செத்துவிட்டது.

டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, எருமைக்கு இருக்க வேண்டிய இதயம் இவருக்கு இருக்கிறது என்று எழுதாத குறையாகச் சான்று கொடுத்தார். பூபாலன் லீவில் அச்சரப்பாக்கம் போவதாகச் சொல்லிவிட்டு, “கடல்ல அவசரப்படாதீங்க மொதலாளி, நெதானமா முங்குங்க” என்று வழியனுப்பினான்.

மாமல்லபுரம் கடற்கரைக்குப் பின்தெருவில் டைவிங் பள்ளி நடத்திய ஹெலன், வெயிலில் கறுத்த, சிரிக்க நேரமில்லாத பெண். கட்டணத்தைப் பரணிதரன் ஏற்கெனவே பேசி முடித்திருந்தான். ஒரு சுற்றுப் பேரம்கூட இல்லாமல் உள்ளே நுழைவது பக்தவத்சலத்துக்குச் செருப்பில்லாமல் நடப்பது போல இருந்தது. எதிலாவது கை வைத்தாக வேண்டும்.

“சார், ஆழம் காட்டற டைவ் கம்ப்யூட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கோங்க.”

“கைல கட்டியிருக்கேனே, இது இன்னா?”

ஹெலன் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். “ஓகே, இதுல கீது. ஆனா தண்ணிக்குள்ள தொட்டா வேலை செய்யாது. மேலயே எல்லாம் செட் பண்ணிக்கணும். சார்ஜ் ரொம்பியிருக்கணும். என் கம்ப்யூட்டரையும் பாத்துக்கினு நான் பக்கத்துலயே வருவேன். நான் மேலன்னா மேல. அதுல பேச்சே கெடையாது.”

“அதுல மட்டுமாவது கொஞ்சம்—”

“கெடையாது.”

முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி. தினமும் காலையில் கல்யாணி தயிர் சாதமும் மோர் மிளகாயும் கட்டிக்கொடுத்து, “நாளைக்கும் உண்டு இல்ல?” என்று கேட்பாள். ‘முடியாது’ என்று சொன்ன வாய் இது என்று அவர் கறுவிக்கொண்டே ஸ்கூட்டரை உதைப்பார்.

கடலுக்குப் போன முதல் நாள், தடித்த ரப்பர் உடையின் மேல் வாட்ச்சின் பட்டை எட்டவில்லை. சட்டைக்கைக்கு உள்ளே கட்டிக்கொண்டு இறங்கினார். எண் தெரியாமல் போன ஆழம் எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன? மேலே வந்ததும் இதை யோசித்து யோசித்துக் கொதித்தார்.

மறுநாள், பாத்திரம் கட்டும் சணலால் வாட்ச்சை உடைமேல் வைத்து இறுக்கினார். இறுக்கியதில் பக்கவாட்டுப் பொத்தான் அமுங்கிக்கொண்டது. படகு கரையை விட்டுக் கிளம்புவதற்குள் வாட்ச் சங்கு ஊதுவது போல அலறி, ‘ஆபத்து’ என்று பரணிதரனுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. ஹெலனின் போன் அடித்தது.

“அப்பா! எமர்ஜென்சின்னு வருது?”

“எமர்ஜென்சியும் இல்ல, மண்ணும் இல்ல. பொத்தான் அமுங்கிடுச்சு.”

“அப்டியா, சரி சரி. மெதுவாவே பண்ணுப்பா. இன்னிக்கு ஆவலைன்னா நாளைக்கு. ஒண்ணும் அவசரமில்ல.”

தோற்கப் போகிறவன் இவ்வளவு பொறுமையாகப் பேசுவானா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்குள் ஹெலன் சணலைக் கத்தியால் அறுத்துக் கடலில் போடாமல், அவர் மடியில் போட்டாள். அன்றைய பயணம் ரத்து.

அதற்கு அடுத்த நாள், ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் கிடக்கும் குக்கர் கேஸ்கெட் ஒன்றை எடுத்து, இரண்டு மடிப்பாக்கி வாட்ச்சைப் பிடித்து நிறுத்தினார். கனகச்சிதம். இத்தனை வருட வியாபாரத்தில் கேஸ்கெட் அவரைக் கைவிட்டதே கிடையாது.

இறங்கினார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று எண் ஏறியது. ஹெலன் எதிரே வந்து, ‘உங்கள் சிலிண்டரில் காற்று எவ்வளவு மீதி?’ என்று விரல்களால் கேட்டாள். முள்ளைப் பார்த்தார். முக்காலுக்கு மேல் இருந்தது. கையில் இருப்பதை அப்படியே காட்டுகிறவன் வியாபாரியா? கால் பங்குதான் என்று காட்டினார்.

அவள் கண்கள் மாஸ்க்குக்குள் விரிந்தன. கட்டை விரலை மேலே காட்டினாள். ஏறு. அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் காட்டிப் பார்த்தார். முதல் விலையை நம்பியவள் இரண்டாவதை நம்பவில்லை. அவர் தோளைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்துவிட்டாள்.

படகில் ஏறியதும் முள்ளைப் பார்த்தவள் வெடித்தாள். “காத்து ரொம்பக் கெடக்குது! எதுக்கு சார் கொஞ்சமா காட்டுனீங்க?”

“கேக்கறவங்ககிட்ட சரக்கு இருப்பை முழுசா சொல்ற பழக்கம் எங்க பரம்பரைலயே இல்லம்மா.”

“நான் சரக்கு வாங்க வரல சார். உங்களை உசுரோட வூட்டுக்கு அனுப்ப வந்தேன். இன்னொரு தடவை பொய்க் கணக்கு காட்டுனா, நீங்க கரைலயே குந்திக்கினு மீன் வறுவல் துன்னுங்க!”

வாழ்க்கையில் முதல்முறையாக பக்தவத்சலம் ஒருவரிடம் உள்ள இருப்பை உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்தார். நாக்கு கூசியது.

கடைசி நாள். கடல் தெளிந்திருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. கால் மணலைத் தொட்டது. ஹெலன் காற்றைக் கேட்டாள்; பல்லைக் கடித்துக்கொண்டு நிஜத்தைக் காட்டினார். கையைத் தாழ்த்தி மணல்மேல் வைத்து வாட்ச்சைப் பார்த்தார்.

பதினொன்று புள்ளி ஆறு.

கீழே மண். அதற்கு மேல் போக இடமில்லை. ஹெலன் ‘இதுதான் அடி, முடிந்தது’ என்று கையை விரித்தாள்.

கடல் சொன்ன முதல் விலைக்கு ஒத்துக்கொண்டு போக அவர் பெயர் என்ன பரணிதரனா? குப்புறப் படுத்தார். இரண்டு கையாலும் மணலைத் தோண்டத் தொடங்கினார். ஒரு நண்டு வெளியே வந்து, அவரைப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. தோண்டத் தோண்டச் சரிந்தது. சரியச் சரியத் தோண்டினார். தோள்வரை கையை உள்ளே நுழைத்து, கன்னத்தை மணலில் வைத்து, பல்லால் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கையை உருவினார்.

அதிகபட்ச ஆழம்: பன்னிரண்டு.

கேஸ்கெட் அசையவே இல்லை. ஹெலன் சிரித்ததில் அவள் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

படகில் ஏறி வாட்ச்சைத் தட்டிப் பார்த்தார். இதயத் துடிப்பு எழுபது. கடையில் ஒரு டம்ளர் விற்றாலே இதைத் தாண்டும். அதை அவர் யாருக்கும் சொல்லப் போவதில்லை.

தலையில் மணலோடு செங்கல்பட்டு வந்து சேர்ந்தால், வீடு பூட்டிக் கிடந்தது. கல்யாணிக்குப் போன் போட்டார்.

“பன்னெண்டு! சாவியை எடு!”

“அதுக்குள்ளயா முடிச்சிட்டீங்க?” என்றாள். “சரி, கடைத்தெருவுக்கு வாங்க.”

வந்தார். கடை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. உள்ளே பகல் போல விளக்கு. அவருடைய அண்டா, தவலை, குடம் ஒவ்வொன்றின் வயிற்றிலும் விலைச்சீட்டு. ஜனங்கள் எடுத்தார்கள், வரிசையில் நின்றார்கள், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். பரணிதரன் பில் போடும் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கல்லாவில் கல்யாணி.

அவள் எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மறுபேச்சில்லாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள். “ஜெயிச்சிட்டீங்க. உங்களுதுதான்.”

பேரமே இல்லாமல் கைக்கு வந்த சரக்கு. பக்தவத்சலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை நீட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவின் மேலும் கீழும் தடவினார். “இதுக்குப் பூட்டு எங்கடி?”

“அது பழைய ஷட்டரோட போச்சுங்க.”

வாட்ச் துடித்தது. மிஷினுக்குப் பின்னால் பரணிதரனின் போன் அலாரம் அடித்தது.

தலைக்கு மேலே ஏணி கிறீச்சிட்டது. அச்சரப்பாக்கம் போயிருக்க வேண்டிய பூபாலன், கையில் பிரஷ்ஷோடு, புதுப் பலகையில் ‘ஒரே விலை. பேரம் கிடை’ என்பதுவரை எழுதிவிட்டு, மீதி எழுத்துகளோடு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“கோச்சிக்காதீங்க மொதலாளி. பன்னெண்டுக்கு ஒத்துக்காதீங்க, இருவது மீட்டர்லயே நில்லுங்கன்னு அம்மாவாண்ட நான் தலைபாடா அடிச்சிக்கினேன், கேக்கல. இப்ப பாருங்க, போர்டு வேலை கூட முடியல!”