ஃபிரிட்ஜில் ஒட்டிய நிலா

"இது யாரோட சட்டை?"

"உங்களுதுதாங்க. வெள்ளிக்கிழமை துவைச்சப்போ சிவப்புப் போர்வையோட சேர்ந்து மெஷின்ல போயிடுச்சு. இப்ப லேசா ரோஸ்" என்றாள் மனைவி.

அன்று திங்கட்கிழமை, பௌர்ணமி. எடைக் கருவி ஆய்வாளரின் வாய் திறந்தது. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது அவர் உத்தியோகம். ஆபீசில் அவருக்குப் பெயரே 'தராசு'தான். திறந்த வாயை அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டார். அதற்கான காரணம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

'பௌர்ணமி அன்று மனிதர்களுக்குக் கோபம் பொங்கும்: ஆய்வில் தகவல்.' மனைவி பேப்பரிலிருந்து கத்தரித்து ஒட்டிய செய்தி அது.

"எந்த ஆய்வு? எத்தனை பேரைச் சோதிச்சாங்க? அமாவாசைக்குக் கத்தினவனை யாராவது எண்ணினாங்களா?" என்று முந்தின நாள் பொறுமையாகத்தான் கேட்டிருந்தார்.

"மத்த நாள்ல வீட்ல நீங்க கத்தறதே இல்லையே! போன பௌர்ணமிக்குக் கத்தினீங்க. அதுக்கு முந்தின பௌர்ணமிக்கும் கத்தினீங்க."

யோசித்துப் பார்த்தார். உண்மைதான். ஆனாலும் வீம்புக்குப் பந்தயம் கட்டிவிட்டார். இந்தப் பௌர்ணமியில் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை வீட்டிலும் வெளியிலும் குரல் உயராவிட்டால் அந்தச் செய்தியைக் கிழித்துப் போடலாம். உயர்ந்தால், இனி எந்தப் பௌர்ணமிக்கும் வீட்டில் அவர் வாயே திறக்கக் கூடாது. படித்த மனிதன் நிலாவுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொள்வதா? மானப் பிரச்சினை.

"ரோஸ் எனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்று மாட்டிக்கொண்டார்.

மாமியார் தயங்கித் தயங்கி வந்தார். "மாப்பிள்ளை, சட்டைப் பையில உங்க ஆபீஸ் அடையாள அட்டையும் இருந்துச்சு. நான்தான் காயப்போட்டேன். எழுத்தெல்லாம் திரும்ப வந்துடுச்சு. உங்க முகம் மட்டும் வரல."

"பரவாயில்ல அத்தை" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

உள்ளே மனைவி யாருக்கோ போனில் சொல்வது கேட்டது. "ரெண்டு தடவை சிரிச்சுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் போன மச்சினன் இரண்டு வாரத்துக்கு மேலாகியும் திருப்பித் தராததால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். முதல் சோதனை ஒரு புதுப் பழக்கடையில். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் இருந்தது. வேறு நாளாக இருந்தால் ஒரு அதட்டலில் காரியம் முடிந்திருக்கும். இன்று மெல்லிய குரலில், "தம்பி, இதை எடுத்துடலாமா?" என்றார்.

கடைக்காரர் ரோஸ் சட்டையைப் பார்த்தார். முகமில்லாத அட்டையைப் பார்த்தார். சிரிப்பையும் பார்த்தார்.

"யோவ், நீ போலி! நிஜ ஆளு இந்நேரம் கத்தியிருப்பான்!"

"இல்லீங்க, நான்தாங்க..." குரலை இன்னும் தணித்தார்.

"பாருங்கய்யா, குரலே எழும்பல. முழியே திருட்டு முழி!"

கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் மேலதிகாரியே நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டியதாயிற்று. அவரும் சட்டையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தடுமாறத்தான் செய்தார்.

"ஒரு சத்தம் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமேய்யா! உனக்கு என்ன ஆச்சு?"

அடுத்த கடையைப் பார்க்கக் கிளம்பினார். பந்தயத்தைச் சொன்னால் ஆபீசே சிரிக்கும்.

வீடு திரும்பியபோது எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே நிலா முழுசாக வந்திருந்தது. அதை முறைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். இந்த ஒரு தட்டு காலியானால் ஜெயம்.

பாதித் தட்டு காலியானபோது மச்சினன் வந்தான்.

"அத்தான், வண்டியைக் கொண்டுவந்திருக்கேன்."

"எங்கப்பா?"

கையிலிருந்த ஸ்கூட்டர் கண்ணாடியை நீட்டினான். "இவ்வளவுதான் மிஞ்சுச்சு."

ஆய்வாளர் எழுந்து நின்று கத்தினார். சட்டைக்கு, அட்டைக்கு, பழக்கடைக்கு, ஸ்கூட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினார். மாடி வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மனைவி ஃபிரிட்ஜ் கதவைத் தட்டிக் காட்டினாள். "பேப்பர்காரன் பொய்யா எழுதுவான்?"

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. "ஒத்துக்கறேன். நிலாதான். இனிமே பௌர்ணமிக்கு நான் வாயே திறக்கல."

மச்சினன் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தான்.

"அப்பாடா, ஒருவழியா சொல்லியாச்சு! வண்டியை இடிச்சு ரெண்டு வாரம் ஆச்சு அத்தான். அன்னிக்கே சொல்ல வந்தேன். அக்காதான், 'எப்படியும் பௌர்ணமிக்குக் கத்தத்தானே போறாரு, நம்ம வீட்ல கெட்ட சேதியெல்லாம் சேத்து வச்சு அன்னிக்குத்தான் சொல்றது'ன்னு நிறுத்திட்டா!"