அப்பா விற்ற பாவங்கள்

ஒரு மொழியில் பத்துச் சொல் தெரிந்தவரால் யாருக்கும் ஆபத்தில்லை. முந்நூறு சொல் தெரிந்தவரை மட்டும் மேடையில் ஏற்றக்கூடாது. எனக்கு அப்போது சரியாக முந்நூறு தெரியும்.

மன்னார் டவுனில் கத்தோலிக்கக் கோயில் மண்டபமொன்றில் சனிக்கிழமைதோறும் ஸ்பானிய வகுப்பு. நடத்தியவர், பெரு நாட்டில் பல வருடம் பணிசெய்து திரும்பிய சிஸ்டர் ஒருவர். இலக்கணத்தைவிட நாட்டைக் காட்டுவதில்தான் அவருக்கு ஆசை. மலை, பாலைவனம், கடல், சாப்பாடு என்று கதிரையில் இருந்தபடியே பெருவைச் சுற்றினோம். (அங்கே உருளைக்கிழங்கு ஆயிரக்கணக்கான வகையாம். எங்கள் வீட்டில் ஒரே வகை, பால்கறி.)

அந்த வருடம் பெருவிலிருந்து மூன்று சிஸ்டர்மார் வந்தார்கள். அவர்கள் முன்னால் யார் நன்றாகப் பேசுகிறாரோ, அவரே ஒரு வாரம் அவர்களின் மொழிபெயர்ப்பாளர். அது நான்தான் என்று எங்கள் ஊரான தாழ்வுபாடு முழுக்கப் போட்டிக்கு முன்பே சொல்லிவிட்டேன். மீன்பிடிக்கிற அப்பா, நத்தார்ப் பண்டிகைக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து இருந்தார்.

கலண்டர்த்தாளின் பின்பக்கத்தில் வரைந்த படத்தைக் காட்டி, பெருக்காரருக்கே பெருக் கடலைப் படிப்பித்தேன். குளிர்ந்த நீரோட்டம், நெத்தலி, எல்லாம் நல்லபடி போனது. பிறகு எங்கள் கரைக்கு வந்தேன்.

ஸ்பானிய மொழியில் மீனுக்குப் 'பெஸ்காதோ', பாவத்துக்குப் 'பெகாதோ'. நடுவில் ஒரேயொரு 'ஸ்'. பதற்றத்தில் அதை நான் விழுங்கிவிட்டேன்.

"என் அப்பா முப்பது வருடமாகப் பாவம் பிடிக்கிறார்" என்று அவரைக் கைகாட்டினேன். அப்பா எழுந்து கும்பிட்டார். "பெரிய பாவங்களைச் சந்தையில் விற்கிறார். சின்னப் பாவங்களை அம்மா உப்புப் போட்டுக் காயவைக்கிறார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பாவம் விருப்பம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடமாட்டோம், அதனால் பாவம் இன்னும் கூட."

மூத்த சிஸ்டர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உருகி அழுகிறார் என்று நினைத்து, "வீட்டுக்கு வாருங்கள், புதுப் பாவம் தருகிறோம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மண்டபம் வெடித்தது. அடுத்துப் பேச இருந்த எருக்கலம்பிட்டி ரிஸானா ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்: "அக்கா, மீன் எண்டு சொல்லுங்கோ! நீங்கள் பாவத்தையெல்லோ விக்கிறீங்கள்!"

வீடு திரும்பும்போது அப்பா மோட்டார்சைக்கிளை ஓட்டியபடியே கேட்டார். "ஏன் பிள்ளை எல்லாரும் சிரிச்சவை?"

சொன்னேன். மோட்டார்சைக்கிள் நின்றுவிட்டது.

"அப்ப, நான் எத்தினை வருசமா அந்தத் தொழில் செய்யிறன் எண்டும் சொன்னனியோ?"

"ஓம் அப்பா. முப்பது."

மொழிபெயர்ப்பாளர் வேலை ரிஸானாவுக்குத்தான் போனது. நியாயம். ஆனால் மூத்த சிஸ்டர் அடம்பிடித்து முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு கோப்பை சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டார். "இந்தப் பாவத்தை மட்டும் ஃபாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லமாட்டாவாம்" என்று ரிஸானா மொழிபெயர்க்க, அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

இப்போது எனக்கே ஒரு மகள் இருக்கிறாள். அவள் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால், யாராவது "ஐயோ பாவம்" என்பார்கள். உடனே முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்துகிற அப்பாவின் குரல் கேட்கும்:

"எத்தினை கிலோ?"