வன்மையாக மறுத்த பஸ் ஸ்டாப்

சண்டை போடுவதற்கும் சோம்பேறித்தனப்பட்ட ஆள் ஆம்பூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஷூ கம்பெனி ஆபீசில் எனக்கு டைப்பிங் வேலை. என் மனைவி சாந்திக்கு அங்கேயே தையல் செக்ஷன். கம்பெனி பஸ் மாதனூர் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். நானும் சாந்தியும் இன்னும் எட்டுப் பெண்களும் தினமும் டிபன் பையோடு நடப்போம்.

பஸ் ஊருக்குள் வர வேண்டும் என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போராடினேன். (போராட்டம் நடந்தது ஏசி ரூமில், சுழல் நாற்காலியில்.) எதிர்த்த மற்ற ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே காரணம்: பத்து நிமிஷம் லேட் ஆகும். ஒரே பதிலை எத்தனை தடவை டைப் அடிப்பது? வேர்டில் ஒரு மேக்ரோ செய்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் போதும். ‘தங்கள் கருத்தை வன்மையாக மறுக்கிறேன்’ என்று தொடங்கி, ‘இது தொழிலாளர்களை அவமதிக்கும் செயல்’ என்று முடியும் பதில் முழுசாக வந்து விழும். தானே காப்பியும் ஆகிவிடும். குரூப்பில் பேஸ்ட் செய்து என்டர் தட்டுவது மட்டுமே என் உழைப்பு.

“இன்னா ஸ்பீடு சார் உங்களுக்கு!” என்று ஆபீசே வியந்தது. மூன்றாவது வாரத்தில், எதிராளி எழுதுவதைப் படிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை எச்.ஆர். மேனேஜர் குரூப்பில் நீளமாக ஏதோ எழுதினார். ‘பத்து நிமிஷம்’ என்பது மட்டும் கண்ணில் பட்டது. விரல்கள் தாமாகவே வேலையை முடித்துவிட்டன.

லஞ்ச் நேரத்தில் சாந்தி கையில் போனோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாங்க, அவர் எழுதினத கடைசி வரைக்கும் படிச்சீங்களா?”

அப்போதுதான் படித்தேன். ‘பத்து நிமிஷம் லேட் ஆனாலும் பரவாயில்லை, திங்கள் முதல் பஸ் உங்கள் ஊருக்குள் வரும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே நான் வன்மையாக மறுத்திருந்தேன்.

உடனே சீட்டுக்கு ஓடினேன். மன்னிப்புக்கு மேக்ரோ எதுவும் செய்து வைக்கவில்லை. (அப்படி ஒன்று தேவைப்படும் என்று தோன்றினால்தானே?) வேர்டில் என் சொந்தக் கையால் ஒரு மன்னிப்பை டைப் அடித்தேன். காப்பி செய்ய மறந்துபோனேன். அந்த வேலையை இத்தனை நாளும் மேக்ரோதானே பார்த்தது! குரூப்பில் பேஸ்ட் செய்து என்டர் தட்டினேன். பழைய மறுப்பே இரண்டாம் முறையாகப் போய் விழுந்தது.

மேனேஜர் ஒரே வரியில் முடித்தார்: ‘இவ்ளோ எதிர்ப்பு இருந்தா எதுக்கு பேஜார்? பழைய ரூட்டே இருக்கட்டும்.’

ஓடிப்போய்க் கெஞ்சினேன். “ரெண்டு வாட்டி மறுத்துட்டு இப்ப வந்து நிக்கிறீங்களே சார்,” என்று கதவைக் காட்டினார்.

திங்கட்கிழமை நல்ல மழை. ஒன்பது பெண்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு (ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவர்கள்!) சேற்றில் நடந்தார்கள். என் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

அன்றைக்கே ஒன்பது பேரும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்கள்.

“சார், அவர உடுங்க. நடக்கறது நாங்க,” என்றாள் சாந்தி.

இரண்டே நிமிஷம்தான். மறுநாள் பஸ் ஊருக்குள் வந்தது.

எங்கள் ஊர் ஸ்டாப்புக்கு ‘வன்மையா ஸ்டாப்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் காலையில் நான் படியில் கால் வைத்தால் டிரைவர் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், ஏர்றீங்களா, மறுக்கிறீங்களா?” என்கிறார். முதலில் சிரிப்பது சாந்திதான்.