எட்டாம் மாசியமும் எதிர் அணியும்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்.
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தங்கச்சி கலாவதி எழுதுவது. உங்கள் முழங்கால் நோவும் அண்ணியின் சீனி வருத்தமும் குறைய வேண்டும் என்று கும்பிடுகிறேன். போனில் உங்களுக்குக் காது கேளாது, நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகினம், அதுதான் கடிதம்.

விஷயம் என் மகன் ஜதுசனைப் பற்றியது. கொலிஜில் பாஸ்கெட்போல் விளையாடியவன், இப்ப தன்னுடைய பழைய பள்ளிக்கூடத்திலேயே பெடியளுக்குக் கோச். கிழமை முழுக்க வேலை, சனி முழுக்கப் பந்து. இவர் இருக்கும்வரை தகப்பனும் மகனுமாய் மட்சுக்குப் போவார்கள், எனக்கு ஷிப்ட். இப்ப இவரும் இல்லை, ஷிப்டையும் விட்டிட்டன், சனிக்கிழமை வீட்டில் நானும் பிரிட்ஜின் சத்தமும்தான். நீங்கள் தாய்மாமன். கோச் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இரு என்று அவனைக் கண்டித்து எழுதுங்கோ. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுவேன், ஆனபடியால் பயப்படாமல் எழுதுங்கோ.

போன சனி நடந்ததைக் கேளுங்கோ. இவருக்கு மாதாமாதம் படைக்கிற மாசியத்தில் எட்டாவது. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம் எல்லாம் சமைத்துவிட்டுக் கூப்பிட்டால், "அம்மா, செமி பைனல், ரெண்டு மணிக்கு வாறன்" என்று போனவன் மூன்றாகியும் வரவில்லை. மட்ச் தொடங்கவே பிந்திவிட்டதாம். மகன் வராவிட்டால் படையல் மகனிடம் போகட்டும் என்று சட்டி, வாழையிலை, இவருடைய படம் எல்லாவற்றையும் ட்ரொலியில் கட்டிப் பஸ் ஏறினேன். வளைவில் பாதிப் பாயாசம் ஒரு வெள்ளைக்காரரின் சப்பாத்துக்குள் போனது, பாவம், அவர்தான் மன்னிப்பும் கேட்டவர். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மேசை வெறுமையாய்க் கிடந்தது. இலை விரித்து, படம் வைத்து, எல்லாம் பரிமாற இடைவேளை விசிலும் அடித்தது. ஓடிப்போய் அவனைக் கூப்பிட்டேன். பெடியளுக்கு நடுவில் குந்தியிருந்து பலகையில் ஆட்டத் திட்டம் கீறிக்கொண்டிருக்கிறான்.

"ரெண்டு நிமிஷம் அம்மா!"

"அப்பாவுக்குப் பசிக்காதோடா?"

திரும்பிப் பார்த்தால், அண்ணை, மற்றப் பள்ளிக்கூடத்துப் பெடியள் பத்துப் பேரும் இலையைச் சுற்றி நிற்கினம்! அது அவர்களுக்குப் போட்ட மேசையாம். படத்தைப் பார்த்து "தாங்க் யூ அங்கிள்" என்று சொல்லிப்போட்டுத்தான் தின்றிருக்கினம், அந்த மட்டில் நல்லாய் வளர்த்த பிள்ளைகள். படைக்க முதலே எச்சில்! நான் தலையில் அடித்துக்கொண்டு கத்த, ஜதுசன் ஓடிவந்தான். வெறும் இலையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், சிரித்தான், சிரித்தபடியே அழுதான். எட்டு மாதத்தில் அவன் அழுததை நான் கண்டது அன்றுதான்.

"அப்பா எந்த மட்சிலையும் மற்றப் பக்கத்துக்குத்தான் தோடம்பழம் குடுக்கிறவர், அம்மா."

"ஏனடா அவையளுக்கு?"

"தூரத்திலை இருந்து வந்த பிள்ளையள் எண்டுவார்."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. நான் வாங்கிவைக்கும் தோடம்பழம் எங்கே போகிறது என்று சண்டை மட்டும் பிடித்திருக்கிறேன்.

பாயாசம் குடித்த பெடியளுக்குப் பிறகு ஓட ஏலவில்லை. எங்கட பக்கம் வென்றது. என்றாலும் இந்தக் கோச் வேலை எங்கள் வீட்டுக்குச் சரிவராது. கடுமையாய் எழுதுங்கோ.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் சுகமாய் இருக்கவேணும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
கலாவதி

பி.கு.: தபாலில் போட மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று வெள்ளி, நாளைக்குப் பைனல். வடைக்கு உழுந்து ஊறப்போட்டிருக்கிறேன், மற்றப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாய். நீங்கள் என்னதான் ஏசி எழுதினாலும், மாமா வாழ்த்தி எழுதியிருக்கிறார் என்றுதான் வாசித்துக் காட்டுவேன். அண்ணியும் சனிக்கிழமைகளில் எனக்குப் போன் அடிக்க வேண்டாம், வீட்டில் ஒருத்தரும் இருக்கமாட்டம்.