எண்ணூர்ல மரியாதையா பேசி மாட்டிகினேன்

இன்னிக்கி வேல ஒன்னே ஒன்னுதான். அஞ்சு போட்டோ எடுக்கணும், சாய்ங்காலம் ஆறு மணிக்குள்ள குரூப்ல போடணும்.

கேக்க ஜுஜுபி மாரி கீது இல்ல? கேளுங்க.

நான் தண்டையார்பேட்டைல ஜாக்கெட்டு தைக்கிறவ. பேரு ஷகிலா. போன்ல ஒரு லேடீஸ் டூர் குரூப்ல ஒரு வருசமா கீறேன். அதுல எல்லாரும் ரொம்ப டீசன்ட்டு. "தோழி", "அன்பு", "மிக்க நன்றி"ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். நமக்கு அந்த பேச்சு வாய்ல நிக்காது. அதனால இதுவரைக்கும் ரெண்டு எச்சரிக்க வாங்கி வச்சிகீறேன்.

மொதோ எச்சரிக்க ஊட்டிக்கு. ஸ்வெட்டர் வேணுமான்னு ஒரே நாள்ல நாலு பேரு கேட்டாங்க. நாலாவது ஆளுக்கு, "மேல ஏத்தி பாருமா, மூணு வாட்டி பதில் சொல்லிகீறாங்க, கண்ணு இன்னா பொடனிலயா கீது?"ன்னு எழுதினேன். நான் உதவிதான் பண்ணேன்.

ரெண்டாவது குத்தாலத்துக்கு. ஒரு அம்மா நாப்பது போட்டோ போட்டாங்க. நாப்பதுலயும் அவங்கதான். "கொஞ்சம் நவுந்துக்கோமா, பின்னால அருவி கீதான்னு பாக்கணும்"ன்னேன். அந்தம்மா அழுதுட்டாங்களாம்!

வர்ற வாரம் வெள்ளிக்கெழம குரூப்பு வால்பாற டூரு போவுது. மூணாவது வாங்கினா அதுல என் சீட்டு காலி.

அந்த சீட்டு எனக்கு இன்னான்னு உங்களுக்கு தெரியாது. கல்யாணம் ஆகி இருவது வருசத்துல நான் போன ஒரே டூர் நாகூரு. அங்கயும் முப்பது பேருக்கு நான்தான் பிரியாணி கிண்டினேன். மூணு நாளு, ஒருத்தருக்கும் சோறாக்காம, ஒரு மலைய பாத்துகினு சொம்மா குந்திருக்கணும். அவ்ளோதான் என் ஆச.

அட்மின் பேரு வித்யா. தங்கமான பொம்பள, ஆனா பேசினா நியூஸ் வாசிக்கிற மாரி இருக்கும். அவங்க நேத்து மெசேஜ் போட்டாங்க. "ஷகிலா தோழி, இது உங்களுக்கான கடைசி வாய்ப்பு. உங்கள் பகுதியைப் பற்றி ஒரு கண்ணியமான பதிவு இடுங்கள். ஐந்து படங்கள் போதும். படத்தில் இருப்பவர்களிடம் முன் அனுமதி பெறுங்கள், நன்றி சொல்லுங்கள், அவர்கள் பெயரைக் குறிப்பிடுங்கள்."

"சரிங்க தோழி"ன்னேன். தோழின்னு டைப் அடிக்கவே எனக்கு கூச்சமா இருந்துச்சு.

எங்க வூட்டுக்காரரு காஜாகிட்ட சொன்னேன். அவுரு ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல குமாஸ்தா. கையெழுத்து இல்லாம ஒரு பொட்டி கூட ஹார்பர விட்டு நவுராதுன்னு தெனமும் சொல்ற ஆளு.

"வாயால அனுமதி குடுத்தா நாளைக்கி மாத்தி பேசுவாங்க ஷகி. எழுதி வாங்கிக்கோ!"

சொன்னதோட வுட்டாரா? கிளிப்பு வச்ச அட்ட ஒன்னு, கோடு போட்ட பேப்பரு, பேனா எல்லாம் எட்த்துகினு வந்தாரு. பேப்பர் மேல அவுரு கையாலயே எழுதினாரு. வரிசை எண், பெயர், ஊர், கையொப்பம். அதுக்கு கீழ பெர்சா, "எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை."

பாக்க அம்சமா இருந்துச்சு. அங்கதான் எனக்கு சனி புட்சிச்சி.

ஒத்திக பாக்கலாம்னு கீழ் வூட்டு இட்லிக்கட லச்சுமியக்காகிட்ட போனேன். "அக்கா, தங்கள ஒரு படம் எடுத்துக்கலாமா? தங்களோட அனுமதி வேணும்"னேன். அக்கா கரண்டிய கீழ வச்சிட்டு என் நெத்திய தொட்டு பாத்துச்சு.

"இன்னாடி ஆச்சு? ஜொரமா? வூட்ல சண்டையா?"

"இல்லக்கா, மிக்க நன்றி"ன்னேன்.

"நன்றியா! நான் இன்னாடி பண்ணேன் உனுக்கு? ஏன் ஒட்டு ஒறவ அத்துகினு போறவ மாரி பேசுற?"ன்னு கண்ணு கலங்கிடிச்சி. எங்க பக்கம் நன்றின்னு யாரும் சொல்லிக்க மாட்டாங்க. சொன்னா கணக்க முடிக்கிறான்னு அர்த்தம். சமாதானம் பண்ணி ரெண்டு இட்லி துன்னுட்டு, ரயிலு புட்சி எண்ணூருக்கு போனேன்.

ஆத்து முகத்துவாரம் பக்கம் ஒரு குப்பம். மணல்ல வலைய விரிச்சி நெத்திலி காய வச்சிகீறாங்க. வெயில்ல சும்மா தகதகன்னு மின்னுது. பின்னால கரண்டு கம்பெனி பொகக்கூண்டு வரிசையா நிக்குது. ஒரு அம்மா குந்திகினு காக்கா ஓட்டிகினு கீது. போட்டோன்னா இதான் போட்டோ!

கிட்ட போயி அட்டைய நெஞ்சோட அணைச்சிகினு, "வணக்கம் அம்மா. தங்கள் பெயர் என்னன்னு தெரிஞ்சிக்கலாமா?"ன்னேன்.

அந்தம்மா என்னிய மேலருந்து கீழ வரைக்கும் பாத்துச்சு. "தேசம்மா. எந்த ஆபீஸ்லருந்து வர?"

"ஆபீஸ்லாம் இல்லீங்கம்மா."

"ஆபீஸ் இல்லன்னு சொல்றவங்கதான் பெரிய ஆபீஸு. இன்னா வோணும்?"

"ஒரு படம் எடுக்க தங்களோட அனுமதி வேணும்மா. இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி."

தேசம்மா பேப்பர வாங்கி மெதுவா எழுத்து கூட்டி படிச்சிச்சி. "ஆட்...சே...பணை... ஏதும்... இல்லை." அப்பால எழுந்து நின்னு குப்பத்த பாத்து குரல் குட்த்துச்சு பாருங்க!

"ஏய்! வந்துட்டாங்கடி! ஆட்சேபண இல்லன்னு கையெழுத்து கேக்க ஆளு வந்துகீது!"

நான் அவசரமா "அம்மா, தவறான புரிதல்..."னு ஆரம்பிச்சேன்.

"பாத்தியா! தவறான புரிதலாம்! போன தபா வந்தவரும் இதே வார்த்தயத்தான் சொன்னாரு. வாங்கம்மா, உக்காருங்கம்மா, நன்றிம்மான்னு தேனா பேசி கையெழுத்து வாங்கினு போனாரு. அப்பால பாத்தா ஆத்துல கரண்டு கம்பெனி சாம்பலு! எறா போச்சு, நண்டு போச்சு!"

அப்பதான் எனக்கு ஒறச்சிச்சி. இந்த சனங்களாண்ட மரியாதையா பேசினவங்கோ எல்லாரும் எதயாச்சும் புடுங்கினு போயிகீறாங்க. அப்பறம் என் மரியாதைய மட்டும் எப்டி நம்புவாங்க?

ஆனா யோசிக்க டைம் ஏது? கோயில் மைக் செட்டுல அறிவிப்பு கேக்குது. "ஊர் மக்கள் கவனத்துக்கு! கையெழுத்து வாங்க ஒரு அம்மா வந்துகீறாங்கோ! யாரும் போட வாணாம்! குறை உள்ளவங்கோ மட்டும் மனுவோட வரவும்!"

அஞ்சே நிமிசம்! பாதி ஊரு என்ன மொறச்சிகினு நிக்குது. மீதி ஊரு ரேசன் கார்டு, பட்டா, கரண்டு பில்லு எல்லாம் என் கைல திணிக்குது. என் அட்டைல எடம் பத்தல. ஒரு ஆயா கண்ணு ஆஸ்பத்திரி சீட்ட குட்த்துட்டு, "ராசாத்தி, இதயும் சேர்த்துக்கோ"ன்னுச்சு.

ஊர் தலைவர் வந்தாரு. பேரு தேசிங்கு. நரச்ச மீச, கட்டம் போட்ட லுங்கி. எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டாரு, பன்னீர் சோடா ஒடச்சி குட்த்தாரு. நானும் மரியாதைய வுடல. "மிக்க நன்றி ஐயா"ன்னேன். வுட்டா போச்சே, மூணாவது எச்சரிக்க!

"சோடாவ குடி. ஆனா ஆத்துக்கு ஒரு பதில் சொல்லாம நீ போவ முடியாது. உன் மேலதிகாரிக்கு போன போடு"ன்னாரு.

மணி நாலு ஆவப்போவுது. சரி, வித்யா பேசினா வெளங்கிடும்னு போன எட்த்தேன். அவசரத்துல வித்யா பேர அமுக்கறதுக்கு பதிலு குரூப்பயே அமுக்கிட்டேன். அதுவும் வீடியோ!

டொய்ங் டொய்ங்னு ஒவ்வொரு மூஞ்சியா வருது. ஒருத்தங்க தேங்கா துருவிகினு கீறாங்க. ஒருத்தங்க மூஞ்சி பூரா கடலமாவு. நடுவுல வித்யா.

தேசிங்கு போன வாங்கி, "நீதான் பெரிய ஆபீசரா?"ன்னாரு.

வித்யா ஒன்னியும் புரியாம, இருந்தாலும் சிரிச்ச மொகமா, "வணக்கம் ஐயா! எங்கள் ஷகிலாவுக்குத் தாங்கள் அளித்துவரும் ஒத்துழைப்புக்குக் குழுவின் சார்பாக மனமார்ந்த நன்றி!"ன்னாங்க.

முடிஞ்சிது.

"ஒத்துழைப்பாம்டா!"ன்னு ஒருத்தன் கத்துறான். "குழுவாம்டா!"ன்னு இன்னொருத்தன். "சாம்பல எப்ப அள்ளுவ, அத்த சொல்லு!"ன்னு பொம்பளைங்க எல்லாம் போன சுத்திகினாங்க. வித்யா, "எந்த... எந்த சாம்பல்ங்க ஐயா?"ன்னு கேக்கறாங்க. கடலமாவு அம்மா அலறிட்டாங்க.

நான் "தயவுசெய்து அமைதி, தயவுசெய்து அமைதி"ன்னு சொல்லிகினே கீறேன். யாரு கேக்குறா? பசி, வெயிலு, ஊக்கு குத்தி வச்ச செருப்பு வாரு வேற அந்து பூடிச்சி. எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ! சேர் மேல ஏறி நின்னேன்.

"யோவ்! நிறுத்துங்கய்யா! இன்னா நெனச்சிகினு கீறீங்க எல்லாரும்? ஆபீசராம் ஆபீசரு! எந்த ஊர்ல ஆபீசர் செருப்புல ஊக்கு குத்திகினு வரா? தண்டையார்பேட்டைல ஜாக்கெட்டு தைக்கிறவய்யா நானு! நெத்திலிய போட்டோ எடுக்க வந்தேன், உங்க ஆத்த எட்த்துகினு போவறதுக்கா வந்தேன்? யோவ் பெர்சு, சோடா குட்த்தா ஆச்சா? மொதல்ல இந்த கும்பல கலை! அந்த பொம்பள வால்பாறைக்கு வேன் புடிக்கிறவ, அதாண்ட போயி சாம்பலுக்கு பதில் கேக்குறீங்களே, அறிவு கீதா? சோமாறிங்களா!"

கும்பலு ஒரு அடி பின்னால போச்சு.

தேசம்மாதான் மொதல்ல சிரிச்சிச்சி. "அடிப்பாவி! நம்ம வூட்டு பொண்ணு மாரி பேசறாளே! இத்த வந்த ஒடனே சொல்றதுக்கு இன்னா? சொம்மா தங்கள் தங்கள்னு பீதிய கெளப்பிட்ட!"

ஊரே சிரிக்குது. தேசிங்கு மீசைய தடவிகினு, "பெர்சுன்னுட்டியே!"ன்னு அவரும் சிரிச்சிட்டாரு. சுடுசோறு, நெத்திலி கருவாட்டு கொழம்பு வந்துச்சு. அஞ்சு போட்டோ கேட்டேன், அம்பது குட்த்தாங்க. தேசம்மா கையெழுத்தும் போட்டுச்சு. ஆனா பேனாவ வாங்கி, "ஆட்சேபணை ஏதும் இல்லை"ன்றத நல்லா அடிச்சிட்டு, "போட்டோவுக்கு மட்டும்"னு எழுதின அப்பறம்தான் போட்டுச்சு.

கெளம்பும்போது தேசிங்கு தனியா கூப்ட்டாரு. "யம்மா, உனுக்கு ரெண்டு பேச்சும் வருது. நாங்க ஆபீஸ்ல போயி வாய தொறந்தா, சண்டைக்கி வந்துகீறாங்கன்னு வாட்ச்மேனே வெளிய தள்றான். திங்கக்கெழம ஆத்துக்கு மனு குடுக்க போறோம். நீ வந்து அந்த தேன் பேச்ச பேசுறியா?"

மாட்டேன்னு எப்டி சொல்றது? சோறு துன்னுட்டேனே. சரின்னுட்டேன்.

ரயில்ல குந்திகினு அஞ்சு போட்டோவயும் பேரு, நன்றி, எல்லாம் போட்டு ஆறு மணிக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி போஸ்ட் பண்ணேன். ஒரே ஒரு பதில் வந்துச்சு, வித்யாகிட்டருந்து.

"அழகான பதிவு தோழி. ஆனால் இன்றைய அழைப்பில் பயன்படுத்திய சொற்களுக்காக, வருத்தத்துடன், மூன்றாவது எச்சரிக்கை. விதி எல்லோருக்கும் ஒன்றே."

திருவொற்றியூர் வர வரைக்கும் அழுதேன். வெக்கமில்லாம, முந்தானைல மூக்க சிந்தி சிந்தி அழுதேன். எதிர் சீட்டு அம்மா முறுக்கு குட்த்துச்சு. நன்றி சொல்லாம வாங்கி துன்னேன்.

தண்டையார்பேட்டைல எறங்கும்போது போன் அடிக்குது. வித்யா. குரலு ரொம்ப சன்னமா இருந்துச்சு.

"ஷகிலா அக்கா, தனியா இருக்கீங்களா? போன தடவ மூணாறு போனப்ப, வேன் டிரைவர்கிட்ட பாட்ட கொஞ்சம் குறைங்கண்ணா, தயவுசெஞ்சு குறைங்கண்ணான்னு பதினேழு பேரும் கேட்டோம். இன்னும் சத்தமா வச்சார். ஓட்டல்ல சுடுதண்ணி கேட்டோம், மூணு நாளும் நாளைக்குன்னே சொன்னாங்க. நீங்க சேர் மேல ஏறினத பாத்ததுல இருந்து எல்லாரும் எனக்கு தனித்தனியா போன் பண்றாங்க. உங்கள கூட்டிட்டுப் போகலன்னா அவங்களும் வரலையாம்."

"அப்போ மூணாவது எச்சரிக்க?"

"அது குழுவுக்கு. வேனுக்கு பொருந்தாது. உங்களுக்கு டிரைவர் பக்கத்து சீட்டு."

வூட்டுக்கு வந்து காலண்டர்ல குறிச்சிகினேன். திங்கக்கெழம எண்ணூர்க்காரங்களுக்காக மரியாதையா பேசணும், வெள்ளிக்கெழம வித்யாவுக்காக மரியாத இல்லாம பேசணும். நாள மாத்தி போயிடக்கூடாது, அவ்ளோதான் என் கவல.