ஞானபாக்கியம் பிரிண்டரை வென்ற படலம்

வாழ்க ஞானபாக்கியம்! ஆலங்குளத்து அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோராண்டுக் காலம் தட்டச்சுப்பொறியின் முன் தவமிருந்து, பிறர் இட்ட ஆணைகளையும் பிறர் கேட்ட விளக்கங்களையும் பிறர் சொன்ன சமாதானங்களையும் ஒரு புள்ளி பிசகாமல் அடித்துக் கொடுத்து, ஓய்வுபெற்ற நாளில் ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு சந்தன மாலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய விரற்செல்வி வாழ்க! இலஞ்சிப் பதியின் இணையில்லாத் தலைவி, பிழை காணின் சீறும் பெண்சிங்கம், மூக்குக்கண்ணாடி அணிந்த முழுமதி வாழ்க! ஆடித் திங்களின் ஞாயிறொன்றில், காலை ஆறேகால் மணி தொடங்கி எட்டரை மணி வரை, மையுமிழ் பொறியொன்றோடு அவள் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். எம் சொல்லில் குறையிருப்பின் சான்றோர் பொறுத்தருள்க. அந்தப் பொறி மட்டும் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை.

போருக்குக் காரணம் மண்ணாசையன்று, பொன்னாசையுமன்று, ஒரு பாட்டு. ஊர்க் கிறித்தவக் கோயிலின் பாடகர் குழுவில், இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்று பிறர் இயற்றிய கீர்த்தனைகளையே பாடிவந்த அம்மாதரசி, தன் அறுபதாம் வயதில், யாருக்கும் சொல்லாமல், பழைய டைரியின் பின்பக்கத்தில் ஐந்து சரணம் கொண்ட பாட்டொன்றைத் தானே எழுதினாள். எழுதியதை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய், குழுத்தலைவனும் கீபோர்டு வேந்தனுமாகிய ஜெபஸ்டினிடம் நீட்டினாள். முப்பது வயதே நிரம்பிய அக்கோமகன் அதை இருமுறை படித்து, தாடியை ஒருமுறை தடவி, இவ்வாறு திருவாய் மலர்ந்தான்:

“யக்கா, பாட்டு ஜோரா இருக்கு. நம்ம கோயில் பிரதிஷ்டப் பண்டிகையிலயே பாடிருவோம். ஆனா சபை முழுக்கப் பாடணும்னா ஆளுக்கொரு தாளு வேணும். எம்பது தாளு அடிச்சிக் கொண்டாந்துருங்க. தாளு வரலன்னா பழைய பாட்டத்தான் பாடணும், பாத்துக்கிடுங்க.”

பிறர் சொற்களையே அடித்துத் தேய்ந்த பத்து விரல்களும் அன்றுதான் முதன்முறையாய்ச் சொந்தச் சொற்களைக் கணினியில் அடித்தன என்பர்.

சனிக்கிழமையே தென்காசிக்குப் போய் முகம்மது ரபீக்கின் ஜெராக்ஸ் கடையில் எண்பது தாளையும் அடித்து வாங்கியிருக்கலாம். புலமை என்னும் பொல்லாத நோய் விடவில்லை. நான்காம் சரணத்தின் இரண்டாம் அடியில் ‘வறண்ட நிலத்துக்கு நீரளித்தீர்’ என்று எழுதியிருந்தாள். அது எவரும் எழுதக்கூடிய அடி என்று அவள் நெஞ்சே அவளைக் குத்திக்கொண்டிருந்தது. பண்டிகை நாளின் விடியலில், அடுப்பில் பால் வைத்து நின்ற வேளையில், குற்றால மலையின் மேலிருந்து இறங்கிய சாரலோடு சாரலாக அந்த அடியும் இறங்கிற்று: ‘என்றோ வற்றிய தொண்டைக்கும் பாட்டளித்தீர்.’ பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதைப் பாராமல் அவள் கணினிமுன் ஓடினாள்.

இனிப் பகைவன் பெருமை சொல்வாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜாய் ஈராண்டுகளுக்கு முன் வாங்கி அனுப்பிய அப்பொறி, முன்னறையின் மூலையில், பின்னல் துணியால் போர்த்தப்பட்டு, ஆதார் நகலெடுக்கும் நேரமொழிய மற்றெந்நேரமும் உறங்கிக் கிடந்தது. வெள்ளை மேனியன், நான்கு நிறக் குருதியன், முன்வாயால் தாளை விழுங்கி முன்வாயாலேயே உமிழும் மாயன். அவனுக்குத் துணையாய் வந்தது சாரல். பத்து நாளாய் ஊரெங்கும் நனையாத பொருளில்லை. உப்பு நீராயிற்று, தீப்பெட்டி களியாயிற்று, கொடியிலிட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம் சொட்டிற்று. அலமாரியில் அடுக்கியிருந்த வெள்ளைத் தாள்கட்டோ, மழைக்காலத்து அப்பளம்போல் துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இதை நம் தலைவி அறிந்திலள்.

ஆறேகால் மணிக்கு அவள் ஆணையிட்டாள். பொறி உறுமிற்று. மத யானை வாழைத்தண்டை இழுப்பதுபோல் தாளை இழுத்தது, பாதியில் நின்றது, பல்லை நறநறவென்று கடித்தது, நெற்றியிலே செம்மஞ்சள் விழியொன்றைத் திறந்து இமைக்கத் தொடங்கிற்று. ‘தாள் சிக்கியுள்ளது’ என்று கணினித் திரையில் ஓலை வந்தது.

அப்போது களம் புகுந்தான் அவள் கணவன் ஜெபசிங். தென்காசி செங்கோட்டைத் தடத்தில் இருபத்தாறாண்டுகள் நடத்துனராய் நின்று, ஓடும் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் லட்சோபலட்சம் டிக்கெட்டுகளைக் கிழித்த கிழிகை வீரன் அவன். தாள் என்று ஒன்றைக் கண்டால் அக்கை சும்மா இருக்குமோ?

“தள்ளு ஞானம். இதுக்கா முழிக்கே? நான் இழுத்தா வராதா?” என்று முழங்கினான்.

“இழுக்காதீங்க!” என்று அவள் கூவி முடிக்குமுன் ‘சர்ர்’ என்றோர் ஓசை அறையை நிறைத்தது. வலக்கையில் பாதித் தாளோடு அவன் நின்றான். மறுபாதி பகைவன் வயிற்றுக்குள் போய் மறைந்தது.

நெடுமூச்செறிந்தாள் நம் தலைவி. முப்பத்தோராண்டில் எத்தனையோ அதிகாரிகளை எழுந்து போகச் செய்த அப்பார்வையை இப்போது கணவன்மேல் செலுத்தினாள். “நீங்க உள்ள போங்க. இன்னிக்கி ஒங்க கை இங்கன படக்கூடாது” என்றாள். இருபத்தாறாண்டு நடத்துனன், தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று அறிந்து, இறங்கிப் போனான்.

பிறகு அவள் ரபீக்குக்குத் தொலைபேசினாள். அந்நேரம் அந்நல்லோன் செங்கோட்டையில் உறவினர் கல்யாண வீட்டில், அண்டாக்கள் உருளும் ஆரவாரத்தின் நடுவே நின்றிருந்தான். கடைச் சாவியும் அவன் சட்டைப் பையில் செங்கோட்டையிலேயே இருந்தது. ஆயினும் ஆசான் அருள் குறைவுபடவில்லை.

“என்னக்கா சொல்லுதீய, இழுத்துட்டீயளா? சரி, போனது போட்டும். மொதல்ல கரண்ட்டப் புடுங்கிருங்க. மிசின் பின்னாடி ஒரு மூடி இருக்கும், அதத் தொறங்க. தாளு எந்தப் பக்கமா போச்சோ அந்தப் பக்கமாவே மெல்ல எடுக்கணும். எதுத்து இழுத்தீய, உள்ள பல்லு ஒடஞ்சிரும்.”

அது கேட்ட தலைவி மின்கொடியை வேரோடு பறித்தாள். பொறியைச் சுவரிலிருந்து திருப்பி அதன் முதுகைக் கண்டாள். முதுகு மூடியைத் திறந்தாள். கைபேசி விளக்கின் கதிர் உள்ளே பாய, இருண்ட குகையில் கரிய உருளைகள் இரண்டும், அவற்றிடையே மடிந்து நொறுங்கிய வெண்கொடி போல் கிழிந்த தாளும் தோன்றின. விரல் நுழையவில்லை. சமையலறைக் கொக்கியில் தொங்கிய, சாவிக்கொத்தோடு சேர்ந்த முள்வாங்கியைக் கொணர்ந்தாள். தோட்டத்துக் கருவேல முள்ளை எடுத்துப் பழகிய அப்படைக்கலத்தால், மூச்சடக்கி, உருளையை ஒரு விரலால் உருட்டி, நூலிழை நூலிழையாய்த் தாளை வாங்கினாள். மதில்மேல் சாரலுக்கு ஒதுங்கி அமர்ந்திருந்த குற்றாலத்துக் குரங்குகள் ஐந்து, வானத்து அமரர் போர்காண வந்தாற்போல், சன்னல் வழியே கண்கொட்டாது நோக்கின. தாள் முழுதாய் வந்தது. அவள் அத்தோடு விட்டாளில்லை. கிழிந்த இரு பாதிகளையும் மேசையில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். ஓரத்தில் நகமளவு துண்டு குறைந்தது. மீண்டும் குகை புகுந்து அத்துண்டையும் பிடித்தாள். ஈரத்துணியால் உருளைகளின் தூசைத் துடைத்தாள். மணி ஏழேகால்.

இவ்வளவில் போர் முடிந்ததென்று எண்ணும் எளியோரே, கேண்மின்! இரண்டாம் நாள் போர் முதல் நாளினும் கொடிதென்பது காவிய வழக்கு. இங்கு இரண்டாம் போர் அடுத்த நிமிடமே மூண்டது.

மூன்று தாள் ஒன்றன்பின் ஒன்றாய் மறுபடி சிக்கி, மறுபடி முள்வாங்கி உள்ளே போய், கடைசியில் ஒரு தாள் வெளியே வந்தது. வந்த தாளில் எழுத்துகளின் குறுக்கே வெண்கோடுகள் ஓடின. பொறியின் தொண்டையில் மை காய்ந்துபோயிருந்தது. கோடு போன இடமோ, ஐயகோ, எழுத்தின் தலைக்கு மேலே! ஒவ்வொரு வரியிலும் புள்ளிகள் மாண்டிருந்தன. ‘எனறோ வறறிய தொணடைககும பாடடளிததீர’ என்று கிடந்தது அவள் பெற்ற அடி.

கண்டாள், கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்து மாட்டி மீண்டும் கண்டாள். முப்பத்தோராண்டில் ஒரு புள்ளியைத் தவறவிட்டறியாதவளின் சொந்தப் பாட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. இதைச் சபையார் கையில் கொடுப்பதா? தூணுக்குப் பக்கத்து இடத்துக்கே திரும்பிப் போய்ப் பழைய பாட்டையே பாடிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினாள். அக்கணம் அவள் கண் கலங்கியதைக் குரங்குகளும் கண்டன; சமையலறை வாசலில் காப்பித் தம்ளரோடு நின்ற ஜெபசிங்கும் கண்டான்.

அவன் தம்ளரை மேசையில் வைத்தான். தாள்கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“இது நமுத்துப் போய்க் கெடக்கு ஞானம். அதாம் ஒட்டிக்கிட்டுச் சிக்குது” என்றான். “நீ மிசினப் பாரு. நான் இதக் காய வைக்கேன்.”

சொல்லியவன், பண்டிகைக்கு வேட்டி தேய்க்கச் சூடாக்கி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை ஏந்தினான். விரிப்பின்மேல் ஒரு தாளை வைத்தான், மெல்லத் தேய்த்தான், ஆவி பறந்தது, எடுத்து அடுக்கினான், அடுத்த தாளை வைத்தான். ஆயுளெல்லாம் தாளைக் கிழித்த கை, கன்னம் தடவுவதுபோல் தாளைத் தடவிற்று. தேய்க்காத வேட்டியோ நாற்காலியில் சுருண்டு கிடந்து தன் முறை வாராதென்று அறிந்து உறங்கிற்று.

இக்காட்சி கண்டதும் தலைவியின் தோள்கள் மீண்டும் நிமிர்ந்தன. பொறிக்குள்ளேயே இருக்கும் சுத்திகரிப்பு வித்தையை இருமுறை ஏவினாள்; மை குறைந்ததேயன்றி கோடு குறையவில்லை. “அப்ப கார்ட்ரிட்ஜக் கழட்டிருங்கக்கா. வெதுவெதுப்பான தண்ணி, நூல் பிரியாத துணி. ஒத்தி எடுக்கணும், தேய்ச்சிரக் கூடாது” என்று செங்கோட்டையிலிருந்து அசரீரி வந்தது, பின்னணியில் யாரோ பந்திக்கு அழைத்தார்கள். “நூல் பிரியாத துணி” என்று அவள் உரக்கச் சொல்லவும், ஜெபசிங் திரும்பிப் பாராமலே, தோளில் கிடந்த பழைய மல் துண்டை உருவி நீட்டினான்.

மூடி திறந்தாள், கறுப்புக் கார்ட்ரிட்ஜைக் கழற்றினாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டின்மேல், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தலையணையில் சாய்ப்பதுபோல், அதன் மைவாயைப் பதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரை எண்ணினாள். எடுத்தாள்: மங்கிய சாம்பற் கறை. இடம் மாற்றி மீண்டும் பதித்தாள்: அரைக் கோடு. மூன்றாம் முறை பதித்து எடுத்தபோது, நள்ளிருளைப் பிழிந்தாற்போல், அறாத ஒரே கருங்கோடு துண்டில் எழுந்தது. அவள் விரல் பத்தும் கறுத்தன, கன்னம் கறுத்தது, மூக்குக்கண்ணாடியின் கால் கறுத்தது. பகைவனின் குருதியில் நீராடிய கொற்றவை என நின்றாள்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்தினாள். இஸ்திரிச் சூடு ஆறிய தாள்களை விசிறிப் பிரித்து, ஓரம் தட்டி, தட்டில் இட்டாள். ஆணையிட்டாள்.

உறுமிற்று பொறி, இழுத்தது தாளை, விக்கவில்லை, விம்மவில்லை. பனி விலகப் பொதிகை தோன்றுவதுபோல் எழுத்துகள் மெல்ல மெல்லத் தோன்றின. ஒரு தாளில் இரு பிரதியாக, நாற்பது தாளும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செம்மாந்து வெளிவந்தன. தலைவி ஒவ்வொரு தாளையும் எடுத்து நான்காம் சரணத்தின் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. ஜெபசிங் தாள்களை நடுவே மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினான். இம்முறை கிழிக்கவில்லை. மணி எட்டரை.

கசங்கிய வேட்டியோடு கணவன் வண்டி ஓட்ட, எண்பது தாளையும் மூன்று பாலிதீன் பைக்குள் பொதிந்து, பகைவர் கோட்டையில் கவர்ந்த கருவூலமென மார்போடணைத்து, சாரல் முகத்தில் அறைய, தென்னந்தோப்பு இருமருங்கும் தலைவணங்க, அவள் கோயில் புகுந்தாள். ஜெபஸ்டின் தாளை வாங்கிப் பார்த்தான். அவள் கன்னத்து மையைப் பார்த்தான். “யக்கா, ஜம்முனு அடிச்சிருக்கீய” என்றான். தாள்களை வரிசை வரிசையாய்ப் பங்கிட்டான்.

கீபோர்டு முழங்கிற்று. எண்பது தொண்டைகள் எழுந்தன. முதற் சரணத்தில் தடுமாறி, இரண்டில் வழி கண்டு, மூன்றில் ஒன்றுகூடிய அக்குரல் வெள்ளம் நான்காம் சரணத்தை அடைந்தபோது, இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஞானபாக்கியம் பாடுவதை நிறுத்திவிட்டாள். தன் சொல் பிறர் வாயில் எப்படி ஒலிக்கிறதென்று ஆயுளில் முதன்முறையாய்க் கேட்டாள். மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர் ‘வற்றிய தொண்டைக்கும்’ என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றார், மூக்கைச் சிந்தினார், மீண்டும் தொடங்கினார். ஆண்கள் பக்கம் கடைசிப் பலகையிலிருந்து, சுருதியொன்றும் சேராத பெருங்குரலில், கசங்கிய வேட்டிக்காரன் பாடிக்கொண்டிருந்தான். மலையில் அருவி முழங்கிற்று. கோயிலில் அவள் பாட்டு முழங்கிற்று. எது எதை வென்றது என்று சொல்ல எம்மாலும் ஆகாது. வாகை சூடினாள் ஞானபாக்கியம்! புகழ் கொண்டாள் ஞானபாக்கியம்! அவள் அடித்த எண்பது தாளும் கல்வெட்டாய், செப்பேடாய், கடலுள்ளளவும் மலையுள்ளளவும் நின்று நிலவுக என்று நாம் வாழ்த்தி நிற்க,

ஆராதனை முடிந்ததும் அந்தத் தாளில்தான் ஆளுக்கு ஒரு வடை வைத்துக் கொடுத்தார்கள்.