கோல் கம்பத்துக்குப் பின்னால் மக்காச்சோளம்

தலைநகரத்தில் பள்ளி விளையாட்டுச் சங்க அலுவலகத்தையே தோளில் தாங்கிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் லைலுக்கு, ஆல்டர் ஃபோர்க்கிலிருந்து மாமன் வெர்னன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை மார்லீனும் சுகம். எங்கள் பையன் டாரெல் சுகம். மாடுகளும் சுகம். சுகமில்லாதது, பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதுகிற நம் ஊர் ஃபுட்பால் ஒன்றுதான். சாப்பிட்டு முடித்துவிட்டு மேலே படி. பாதிச் சாப்பாட்டில் படித்தால் தொண்டையில் இறங்காது.

நம் பள்ளி பதினோரு பேர் ஆடும் பிரிவிலிருந்து எட்டுப் பேர் ஆடும் பிரிவுக்கு இறங்கப் போகிறது என்று போன குளிர்காலத்தில் பேச்சு வந்ததல்லவா, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் எப்போதோ எட்டுக்கு இறங்கிக் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கின்றன. நாம் மட்டும் பதிமூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பேருந்து பேருந்தாக ஆள் கொண்டுவரும் பள்ளிகளோடு மோதி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிபட்ட இடத்தில் ஐஸ் கட்டியோடு வீடு திரும்புகிறோம். டாரெலுக்கு இது கடைசி வருஷம். நாக்-அவுட் சுற்றில் ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று அவன் ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். எட்டுப் பேர் பிரிவென்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு நாக்-அவுட்டுக்குப் போவோம். ஆகவே உன் அலுவலகக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் நான் மைதானத்தில் இறங்கிவிட்டேன். காத்திருப்பது என் ரத்தத்திலேயே கிடையாது, உன் அம்மாவைக் கேள்.

எட்டுப் பேர் மைதானம் சிறியது, நீளத்தில் இருபது கஜம் மிச்சமாகும். தெற்குப் பக்கத்துக் கோல் கம்பத்தைப் பிடுங்கி, இருபது கஜம் உள்ளே தள்ளி நட்டேன். கான்கிரீட் நானே கலந்தது. அணைக்கட்டுக்கு ஊற்றுகிற பொறியாளர் ஒருவர் அந்த வழியாகப் போனவர், காரை நிறுத்தி இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போனார். மிச்ச நிலத்தை வீணாக்குவானேன் என்று மக்காச்சோளம் போட்டேன். விற்கிற காசில் பிள்ளைகளுக்குப் புதுத் தலைக்கவசம் என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்தேன். பத்து நிமிஷமாகியும் கைதட்டல் ஓயவில்லை.

இப்போது கடிதம் வந்திருக்கிறது, மருமகனே. எண்ணிக்கை நாளில் பள்ளியில் இருந்த பையன்களை எண்ணினார்களாம். எட்டுப் பேர் பிரிவின் எல்லையை நாம் தாண்டிவிட்டோமாம். எத்தனை பேரால்? ஒரே ஒருவனால்! பிடிவாதமாக எட்டுப் பேராக ஆடலாமாம், ஆனால் நாக்-அவுட் கிடையாதாம். நாக்-அவுட் வேண்டுமென்றால் பதினோரு பேராக, அதே ராட்சசப் பள்ளிகளோடு ஆட வேண்டுமாம். டாரெல் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அவன் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்த ஒருவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் பேனா ஓடமாட்டேன் என்கிறது. போன இலையுதிர் காலத்தில் ஸ்வோபோடா என்று ஒரு குடும்பத்தைத் தானியக் கிடங்கில் வேலை பேசி நம் ஊருக்குக் கூட்டிவந்தவன் நான்தான். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பையன்கள், ஒவ்வொருவனும் குளிர்பதனப் பெட்டிக்குச் சட்டை போட்ட மாதிரி. ஃபுட்பாலுக்கென்றே பார்த்துப் பொறுக்கிய சரக்கு. வந்த முதல் நாளே உன் அத்தை, பள்ளி வாத்தியக் குழுவை நடத்துகிறவள், மூன்று பேருக்கும் மிளகாய்ப் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போட்டு ஆளுக்கொரு ஊதுகுழலைக் கையில் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பந்தைத் தொடவில்லை. ஆனால் உங்கள் எண்ணிக்கைக்குப் பந்து தொடுகிறவன், குழல் ஊதுகிறவன் என்ற வித்தியாசம் உண்டா? மூன்றும் மூன்றுதான்.

"ஏன்டி இப்படிச் செஞ்சே?" என்று கேட்டால், "நீங்க இந்த ஊருக்குக் கொண்டு வந்ததுலயே உருப்படியானது இந்த மூணு பிள்ளைங்கதான். அதையும் எலும்பு ஒடைக்க அனுப்பணுமா?" என்கிறாள்.

பெட்ரோல் பங்கில் காப்பி குடிக்கப் போக முடியவில்லை. "வா வெர்னு, இந்த வருஷம் கோல் கம்பத்துல எத்தனை மூட்டை காய்க்கும்?" என்கிறான் ஒருவன். "கிக் அடிச்சா பந்தைத் தேட அறுவடை மெஷின் கொண்டு வரணுமாடா?" என்கிறான் இன்னொருவன். பயிற்சியாளர் ஹால்வர்சன் சாது மனிதர், அவரே என் தோளில் கை வைத்து, "அண்ணே, இனிமே நல்லது எதுவும் பண்ணிடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்றார். எல்லோர் முன்பும் ஆண்பிள்ளையாக நெஞ்சை நிமிர்த்தி, தப்பு என்னுடையதே என்று ஒப்புக்கொண்டேன்.

ஆகவே லைல், உன்னால்தான் ஆக வேண்டும். ஊரில் உன்னைச் சங்கச் செயலாளர் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். நீ தபால் பிரிவில் இருப்பது நமக்குள் இருக்கட்டும். அந்த ஸ்வோபோடாக்களில் ஒருவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. மூன்றும் ஒரே அச்சு, பெற்றவளே பெயரை மாற்றிக் கூப்பிடுகிறாள். ஒருவனை இரண்டு தடவை எண்ணிவிட்டோம் என்று சொன்னால் எந்த நீதிபதியும் நம்புவார். டாரெலின் முகத்தை நினைத்துச் செய்.

நீ நீடூழி வாழ்ந்து, தபால் பிரிவிலிருந்து மாடி ஏறி, ஜன்னல் உள்ள அறையில் உட்கார வேண்டும். அக்காளுக்கு என் அன்பு. அவள் பூனைக்கும்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும் மாமன்
வெர்னன்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டும்போது இந்தச் சங்கதி. யாரையும் எடுத்துவிடாதே. நேற்றுப் பிள்ளைகள் கூடிப் பேசிப் பதினோரு பேராகவே ஆடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். "தோத்துப் போவீங்கடா" என்றேன். "ஆடித் தோத்து வெளிய நிக்கறோம்ப்பா. உள்ளே விடாம நாக்-அவுட் வாசல்லயே நிறுத்தி வைக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றான் டாரெல். ஸ்வோபோடா பிள்ளைகளும் கவசம் போடச் சம்மதித்துவிட்டார்கள். இடைவேளையில் அதே கவசத்தோடு குழலும் ஊதுவார்கள் என்பது உன் அத்தையின் நிபந்தனை. எல்லோருமாகச் சோளத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கம்பம் மட்டும் பிடுங்க வரவில்லை. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்ததில் ஒரு டிராக்டரின் கொக்கிதான் வந்தது, கான்கிரீட் அப்படி. பழைய மெத்தை ஒன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம். மைதானத்துக்குள் கம்பம் நிற்கக் கூடாது என்று உங்கள் விதியில் இருந்தால், அந்தப் பக்கத்தை நீ திறக்காதே.

இன்னொன்று. பங்கில் தப்பை நான் ஒப்புக்கொண்டதாக மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? உண்மையில், சோளம் போடச் சொன்னது செயலாளர் லைல்தான் என்று சொன்னேன். முதல் ஆட்டத்துக்கு நீ அவசியம் வர வேண்டும், டாரெல் எதிர்பார்க்கிறான். காரை மட்டும் சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்து.